ஊர்ப் பெட்டியை எங்கே வைப்பது?

காலபோக வெட்டு முடிந்து நெல்லெல்லாம் மூட்டை கட்டிய பிறகு கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் பழைய அறைக்குக் கூரை மாற்ற வேண்டி வந்தது. சாமான்களை வெளியே எடுத்தபோது வெறும் உரப்பைகளுக்கும் பழுதான மருந்து தெளிகருவிகளுக்கும் அடியில் ஒரு தகரப்பெட்டி. அது அங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், திறந்து பார்த்துத்தான் பல வருடம். உள்ளே பன்னிரண்டு கூட்ட அறிக்கைப் புத்தகங்கள், வாய்க்கால் துப்புரவுக்கு வந்தவர்களின் கையெழுத்து இடாப்புகள், விதைநெல் கடன் கொப்பிகள், நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதங்கள், ஒரு கட்டுப் போட்டோ. மிகப் பழைய புத்தகம் 1950களில் தொடங்குகிறது. காடு வெட்டிக் குடியேறிய ஆட்கள் முதல் முதல் மரத்தடியில் கூடிய காலம் அது.

திறந்த அன்றே வாக்குவாதமும் தொடங்கிவிட்டது. கொழும்புச் சுவடிக் கூடத்துக்கு அனுப்பினால்தான் பாதுகாப்பு என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்போம் என்றார்கள் அங்கே படிக்கிற பிள்ளைகள். "எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி நெற்றில போட்டாச் சரிதானே அண்ணை" என்றான் தொலைபேசியோடு நின்ற ஒரு தம்பி. பெட்டியை இத்தனை காலமும் காத்த பெரியவர் மட்டும், "இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பார்த்தேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெட்டி, கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ யாரோ ஒருவரின் அலுமாரிக்கு மேலோ கிடக்கும், அதனால்தான் எழுதுகிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, காணி விஷயம் வருவதால்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியும் சேர்ந்த எங்கள் வன்னிப் பகுதியைப் பற்றிய பழைய எழுத்து இல்லாமல் இல்லை. ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி எழுதிய தடித்த கைநூல் 1895 இல் அச்சாகிவிட்டது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் நட்ட கல், பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது 1803 அக்டோபர் 31 என்று சொன்னது. ஆனால் கைநூலை எழுதியவர் ஆட்சி செய்ய வந்தவர், கல்லை நட்டவர்கள் வென்றவர்கள். வாய்க்காலில் தண்ணீர் எத்தனை நாள் வந்தது, யார் வயல் காய்ந்தது, யார் விட்டுக்கொடுத்தார் என்று ஊர்க்காரன் தன் கையால் எழுதியது எங்கள் தகரப்பெட்டி மாதிரியான இடங்களில்தான் இருக்கிறது. அதற்கு வேறு எங்கும் பிரதி இல்லை.

பிரதி ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. கிளிநொச்சி நகரமே 1936 இல் யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையில்லாப் பிரச்சினையையும் குறைக்கத் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் வந்தது. மாவட்டமாகத் தனியே பிரிந்தது 1984 இல். அதுவரை எங்கள் காணி, குளம், பள்ளிக்கூடம் எல்லாவற்றின் கோப்பும் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகப் பக்கம்தான். யாழ்ப்பாணத்துப் பழைய கச்சேரிக் கட்டடம் போரில் என்ன கதியானது என்பது அந்த வீதியால் போனவர்களுக்குத் தெரியும். அப்புறம் 1996 இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது, 2008, 2009 இல் வன்னி முழுதும். அலுவலகங்களும் சனத்தோடு சேர்ந்து இடம் மாறி மாறிப் போயின. ஒவ்வொரு மாற்றத்திலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போனோம்.

எங்கள் பெட்டி உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டையோடு போனது. அப்போது செயலாளராக இருந்த அந்தப் பெரியவர் ஒரு கட்டத்தில் இனிக் கொண்டுபோக ஏலாது என்று பொலித்தீனில் சுற்றிக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டார். செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு தோண்டி எடுத்தார். பக்கங்களின் கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தேநீர் நிறத்தில் ஒரு கறை ஓடுகிறது, அது அந்தக் கிடங்குத் தண்ணீர் ஏறிய மட்டம். ஸ்ரேப்பிள் கம்பி இருந்த இடமெல்லாம் துருப் பிடித்து ஓட்டை. ஆனால் எழுத்து நிற்கிறது. ஊதா மைக் கைநாட்டு ஒவ்வொன்றும் ரேகை தெரிய அப்படியே இருக்கிறது.

இனி இடங்களுக்கு வருவோம்.

கொழும்பில் உள்ள தேசிய சுவடிக் கூடத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு இரண்டு விதமான எண்ணம்: ஒன்று அளவுக்கு மீறிய மரியாதை, மற்றது முழு அவநம்பிக்கை. இரண்டும் பிழை. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கும் நிறுவனம் அது. 1640 தொடக்கம் 1796 வரையான ஒல்லாந்தர் ஆவணங்களும், பிரித்தானியக் காலத்து நிர்வாக அதிகாரிகளான அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. வாசிகசாலைக்குப் போய்க் கேட்டு வாசிக்கலாம். தனியார் கொடுக்கும் ஆவணங்களையும் ஏற்பார்கள். காகிதத்தைக் காப்பது எப்படி என்று படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை. கறையானும் வெள்ளமும்தான் எதிரி என்று பார்த்தால் இதற்கு மேல் நல்ல இடம் கிடையாது.

ஆனால் எங்கள் பெட்டிக்கு அது பொருந்தாது என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் பாதுகாப்பு அல்ல, தூரம். பெட்டி திறந்த அடுத்த மாதமே இரண்டு வயல்காரருக்கு இடையில் உழவு இயந்திரம் போகிற பாதையில் பிரச்சினை. ஒருவர் அது வாய்க்கால் ஒதுக்கு என்கிறார், மற்றவர் தன் காணி என்கிறார். இரண்டு பேருக்கும் நாற்பது வயதும் இல்லை, தகப்பன்மார் உயிரோடு இல்லை. 1960களின் புத்தகம் ஒன்றில் அந்தப் பாதையை விடச் சம்மதித்து இரண்டு குடும்பத்தின் பெரியவர்களும் வைத்த கையெழுத்து இருந்தது. புத்தகத்தைப் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தை விரித்துக் காட்டினோம். ஒருவர் தன் பாட்டனின் கைநாட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிரச்சினை அன்றோடு முடிந்தது. இந்தப் புத்தகம் கொழும்பில் இருந்திருந்தால் யாரும் லீவு போட்டு இரவு பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள், பொலிசுக்குத்தான் போயிருப்பார்கள்.

பெரியவர் அன்று எழுந்து போனதும் இதை நினைத்துத்தான். பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்டபோது சொன்னார்: "தம்பி, அங்க போனா அது பத்திரமா இருக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஆர் போய்ப் பாக்கிறது?"

எனவே கொழும்பை எங்கள் பெட்டியைக் கொடுக்கிற இடமாகப் பார்க்காமல், அங்கே உள்ளதை எடுக்கிற இடமாகப் பாருங்கள் என்பேன். எங்கள் குளத்தைப் பற்றி, முதல் குடியேற்றத்தைப் பற்றி அரசாங்க அதிபர் எழுதிய நாட்குறிப்பு, நிர்வாக அறிக்கை எல்லாம் அங்கே இருக்கும். இரணைமடுக் குளத்து வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, இன்று அதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். அவ்வளவு பெரிய வேலைக்குக் கடிதப் போக்குவரத்து எவ்வளவு இருந்திருக்கும்! ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒருத்தி ஒரு கிழமை அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்து வந்தால், எங்கள் பெட்டியின் மறுபாதி கிடைத்த மாதிரி.

பல்கலைக்கழகம் பக்கம் வந்தால் நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. முன்பு எதற்கும் யாழ்ப்பாணம் போக வேண்டும். இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. விவசாய பீடத்துக்கு எங்கள் புத்தகங்களில் உள்ள கோடைகாலச் சிறுபோகக் கணக்கு நேரடியாகப் பயன்படும். எந்த ஆண்டு குளத்தில் எவ்வளவு தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்க விட்டார்கள், பங்கை எப்படிப் பிரித்தார்கள் என்று வரிவரியாக இருக்கிறது. காலநிலை மாறுகிறது என்று பேசுகிற எல்லோரும் தேடுகிற சங்கதி இது. எனவே அவர்களுக்குப் பிரதி கொடுக்கத்தான் வேண்டும். மூலத்தைக் கொடுப்பதற்கு எனக்குத் தயக்கம். ஒரு விரிவுரையாளர் ஆர்வத்தோடு பொறுப்பெடுப்பார், அவர் மாற்றலாகிப் போன பிறகு பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். இது கற்பனைப் பயம் அல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கென்று எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போன பழைய போட்டோக்களில் ஏழு இன்றைக்கும் திரும்பி வரவில்லை. கொண்டுபோனவர்கள் கெட்டவர்கள் அல்லர். பற்றுச்சீட்டு எழுதி வாங்காதது எங்கள் பிழை.

பள்ளிக்கூடத்தைச் சிலர் சொன்னார்கள். பள்ளிக்கூடம் தன் சேர்விடாப்பையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் காத்தாலே போதும், அந்த இரண்டும் ஊரின் பெரிய சொத்து. எந்த ஆண்டு எத்தனை பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்து சேர்ந்தது என்று பார்த்தால் இடம்பெயர்வு முழுவதும் அதில் தெரியும். ஆனால் அதிபர் மாறும்போது அறை மாறும், அறை மாறும்போது பழையது பின் விறாந்தைக்குப் போகும். கோயில் நல்ல இடம், ஆனால் எல்லோருடைய கோயிலும் அல்ல. வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்கள் எங்கள் ஊரில் கணிசம்.

பிரதேச சபை நூலகத்தைத்தான் நான் கடைசியாகப் பார்க்கப் போனேன், போகும்போது பெரிய நம்பிக்கை இல்லை. நூலகம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு 1981 நினைவுக்கு வரும். மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் 97,000 நூல்கள் போயின, அவற்றில் வேறெங்கும் இல்லாத ஏடுகளும் அடக்கம். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. ஆனால் போய்ப் பார்த்தபோது, சின்னக் கட்டடம் என்றாலும் சில விஷயங்கள் மனதுக்குப் பிடித்தன. நிலத்திலிருந்து உயரமாக அத்திவாரம் போட்டிருக்கிறார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து ஊர்கள் மூழ்கியபோது அந்த மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. சம்பளத்துக்கு ஒரு நூலகர் இருக்கிறார், கிழமையில் ஆறு நாள் திறந்திருக்கிறது. ஊரிலிருந்து சைக்கிளில் போகலாம். கமக்காரர் அமைப்பின் நிர்வாகம் மாறினாலும் நூலகம் மாறாது.

அமைப்பின் அறையிலேயே வைத்திருப்பதற்கும் நூலகத்தில் வைப்பதற்கும்தான் உண்மையான போட்டி என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவானது. அமைப்பு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது, சட்டப்படி ஆள் போல நிற்கக்கூடியது, புத்தகங்கள் அதன் உடைமை. எழுதியவர்களின் பிள்ளைகள்தான் அங்கத்தவர்கள். ஆனால் அறையில் உரமும் மருந்தும் இருக்கிறது, காகிதத்துக்கு அந்தக் காற்றே ஆகாது. திறப்பு யாரிடம் என்பது ஒவ்வொரு பொதுக்கூட்டத்தோடும் மாறும். நூலகத்தில் கண்காணிப்பு உண்டு, ஆனால் சபைக்குக் கொடுத்தால் சபையின் சொத்தாகிவிடுமா என்ற பயம் ஆட்களுக்கு. இதற்கு வழி இருக்கிறது: கொடையாகக் கொடுக்காமல் பாதுகாப்புக்கு வைக்கிறோம் என்று எழுத வேண்டும். உடைமை அமைப்புக்கு, கண்காணிப்பு நூலகத்துக்கு, அலுமாரிக்கு இரண்டு பூட்டு, திறப்பு ஆளுக்கொன்று, மூலத்தை வெளியே கொண்டுபோவதென்றால் இரண்டு பேரின் கையெழுத்து, எப்போது கேட்டாலும் திருப்பித் தருவது. ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கலாம்.

சரி, நெற்றில் போடுகிற விஷயம். இதில்தான் இளம் ஆட்களுக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது, அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். இணையத்தில் நூலகம் நடத்தும் நூலக நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் என்று மின்படியாக்கி எவரும் காசில்லாமல் வாசிக்க வைத்திருக்கிறது. போட்டோ, ஒலிப்பதிவு மாதிரியான பல்லூடகங்களுக்கு ஆவணகம் என்று தனித்தளமும் உண்டு. எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரை, ஊரில் ஒரு பிரதியும் இல்லாத நிலையில், அங்கேதான் கண்டுபிடித்தோம். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. நூலக நிறுவனத்தோடு பேசி மின்படி எடுத்து, மூலத்தை உடனே ஊருக்குத் திருப்புவதென்று எழுதிக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிரித்தானிய நூலகத்தின் அழிவுறு ஆவணத் திட்டம் 2004 இலிருந்து உலகம் முழுதும் இப்படி உதவுகிறது, மூலம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது அவர்களின் நல்ல விதி. ஆனால் அவர்களின் கவனம் பழமையான ஆவணங்களில், 1950களின் வாய்க்கால் புத்தகத்துக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது.

நெற்றில் போட்டால் நிரந்தரம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி அதன் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் இணைய ஆவணக் காப்பகமும் (Internet Archive) தாக்கப்பட்டுப் பல நாள் கிடைக்காமல் இருந்தது. அவ்வளவு பெரிய இடங்களுக்கே அந்த நிலை. நாங்கள் ஒரு பென்ட்ரைவில் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்தால் அதன் ஆயுள் எவ்வளவு? மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது ஊருக்கு வெளியே. கணினிக்காரர் சொல்லும் இந்தக் கணக்கு எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான்: 1996 இல் எங்கள் அம்மா காணி உறுதியை ஒரு பையிலும் பிறப்புச் சான்றிதழை இன்னொரு பையிலும் பிரித்து வைத்தா.

இன்னொன்று, எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டக் கூடாது. காணிப் பெர்மிட், அடையாள அட்டை இலக்கம், குடும்ப அட்டை, கடன் நிலுவை இவையெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் விஷயம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தன் தகப்பன் எண்பதுகளில் விதைநெல் கடன் கட்டாமல் இருந்ததை உலகம் பார்க்க வேண்டும் என்று யார் விரும்புவார்? சில ஆண்டுகளின் பெயர்ப் பட்டியல்களைப் பற்றி ஆட்களுக்கு இன்னும் பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். அதனால் கூட்ட அறிக்கை, நீர்ப் பங்கீடு, போட்டோ, அழைப்பிதழ், மலர் எல்லாம் பொதுவில். காணியும் கடனும் ஆட்பட்டியலும் மின்படி எடுத்து மூடி வைப்பது, குடும்பத்தவர் வந்து கேட்டால் அவர்களுக்கு மட்டும் காட்டுவது.

மூடி வைப்பது என்றால் தொலைப்பது அல்ல. 2025 மார்ச் 28 ஆம் திகதி வந்த அரச வர்த்தமானி அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லையென்றால் அரச காணி என்று அறிவித்தார்கள். அது பிறகு மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் வீடு வீடாக ஆட்கள் பழைய கடதாசி தேடித் திரிந்ததைப் பார்த்தோம். உறுதி இல்லாதவர்களுக்கு வாய்க்கால் துப்புரவு இடாப்பில் தகப்பன் பெயர் இருப்பதே, இந்த வயலை இன்னார்தான் செய்தார் என்று காட்டுகிற சான்றுக்குப் பக்கபலம்.

இதைச் சொல்லும்போது இன்னொரு குறையும் கண்ணில் படுகிறது. எங்கள் பெட்டியில் பெர்மிட் கிடைத்த குடும்பங்கள்தான் அதிகம். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் ஊரின் எல்லைப் பக்கத்தில் இருக்கின்றன. அவர்கள் வெட்டாத வரம்பு இல்லை, கட்டாத வாய்க்கால் இல்லை. புத்தகத்தில் அவர்களுக்கு 'கூலி' என்ற தலைப்பில் ஒரு தொகை மட்டும், பெயரே இல்லை. அவர்களின் வீடுகளில் வேறு கடதாசிகள் இருக்கின்றன: குடியுரிமைச் சான்றிதழ், தோட்டத்தில் கொடுத்த சீட்டுகள், பங்கீட்டு அட்டை, இந்தியா போன சகோதரங்களின் கடிதம். எந்த இடத்தைத் தெரிவு செய்தாலும் அந்தக் கடதாசிகளுக்கும் அங்கே ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் காப்பது ஊரின் வரலாறு அல்ல, காணி கிடைத்தவர்களின் வரலாறு. மூலத்தைக் கொடுக்க விருப்பமில்லாவிட்டால் வீட்டு விறாந்தையிலேயே போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முதல் நாள் நாங்கள் செய்தது முழுக்கப் பிழை. போனில் உள்ள ஸ்கான் செயலியால் எடுத்தோம், பார்வைக்கு வெள்ளைவெளேரென்று அழகாக வந்தது. பிறகுதான் கவனித்தோம், ஊதாக் கைநாட்டுகள் கறுப்புப் பொட்டாகிவிட்டன, பென்சிலால் ஓரத்தில் எழுதிய கணக்கு அடியோடு காணவில்லை. செயலி அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டது. சாதாரணக் கமராவாலேயே எடுங்கள். பழைய புல்ஸ்காப் தாள் 13 அங்குல நீளம், 12 மெகாபிக்சல் போனில் நீளப் பக்கம் 4,000 புள்ளி, எனவே தாள் சட்டம் முழுக்க நிறைந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி வரும், அது வாசிக்கவும் அச்சடிக்கவும் போதும். காலை ஒன்பது மணி விறாந்தை வெளிச்சம், பிளாஷ் வேண்டாம், அடியில் கறுப்புத் துணி, போன் தாங்கியில் நேராகக் கீழே பார்த்தபடி. ஒரு ஆள் பக்கம் புரட்ட, ஒரு ஆள் படம் எடுக்க, ஒரு ஆள் கொப்பியில் எழுத.

காகிதத்துக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யாதீர்கள். துருப்பிடித்த கம்பியைக் கழற்றுங்கள், செலோரேப் ஒட்டாதீர்கள், எழுத வேண்டியிருந்தால் பென்சிலால் எழுதுங்கள். லமினேற் மட்டும் செய்யவே கூடாது. எங்கள் அமைப்பின் முதல் பதிவுச் சான்றிதழை நல்லெண்ணத்தில் ஒருவர் கடையில் கொடுத்து லமினேற் பண்ணினார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கை இனிக் கழற்ற முடியாது, உள்ளே தாள் பழுப்பாகிக்கொண்டே வருகிறது. தகரப்பெட்டியை விட இரும்பு அலுமாரி நல்லது, சுவரை விட்டுத் தள்ளி, நிலத்திலிருந்து உயரமாக, கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

ஆக, என் தெரிவு இது. மூலம் பிரதேச சபை நூலகத்தில், அமைப்பின் உடைமையாக, எழுத்து ஒப்பந்தத்தோடு. பொதுவில் காட்டக்கூடியவற்றின் மின்படி நூலக நிறுவனத்துக்கு. முழு மின்படி இரண்டு ஹார்ட்டிஸ்க்கில், ஒன்று அமைப்பிடம், ஒன்று பல்கலைக்கழகத்திடம், காணிக் கோப்புறை கடவுச்சொல்லோடு. கொழும்புக்கு ஆள் அனுப்பி அங்கே உள்ளதைக் குறித்து வருவது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இதில் இன்னும் முழுத் திருப்தி இல்லை. இன்னொரு சண்டை வந்தால் ஊரில் உள்ளதுதான் முதலில் போகும் என்கிறார். அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. அதனால்தான் அலுமாரி வாங்குவதற்கு முன்பே படமெடுப்பை முடிப்பது என்று அவர் சொன்னபடி வரிசையை மாற்றினோம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு அலுமாரியோ இணையமோ தேவையில்லை. 1950களில் இருபது வயதில் வந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள், தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளையாக வந்தவர்களுக்கே எழுபது எண்பது வயது. போட்டோக்களின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. துருசடியில் (குளத்து மதகுப் பக்கம்) பதினொரு பேர் வரிசையாக நிற்கிற படம் ஒன்றைப் போன கிழமை பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வைத்து ஏழு பேருக்குப் பெயர் சொன்னார், எந்த வாய்க்கால், யாருடைய தகப்பன் என்பதோடு. ஓரத்தில் மண்வெட்டியோடு நிற்கிற நாலு பேரை அவருக்குத் தெரியவில்லை. "அவையள் அந்தப் பக்கத்து ஆக்களாய் இருக்கும், அங்க ஒரு அம்மா இருக்கிறா, அவவுக்குத் தெரியும்" என்றார். படத்தை ஏ4 அளவுக்குப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பின்நேரம் அவவிடம் போகிறோம்.